போத்தலின் அடியில் கிடந்த மண்டி

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பாத குணம் எனக்கு. மன்னாரில் இருந்த காலத்தில் இது இவ்வளவு முற்றியிருக்கவில்லை. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து வீட்டு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் வேர் விட்டது. நான் முதலில் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா என்று கூப்பிடுவோம், கண்ணாடி அலுமாரியில் இருந்த மதுப் போத்தல்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்திருந்தார். உள்ளே இருப்பது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு. தூசு தட்டுகிற சாக்கில் நாங்கள் இரண்டு மடக்கு குடித்துவிடுவோம் என்று நினைப்பு. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது எங்கள் பெண்கள் பேசிக்கொள்ளும் முக்கியமான சங்கதியே இதுதான்: எந்த வீட்டில் எதில் கோடு. ஒருத்தி போன வீட்டில் ஒலிவெண்ணெய்க்கும் கோடு இருந்தது.

இந்த மனத்தோடுதான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பியர் கடைக்குக் கூட்டிக் கழுவுகிற வேலைக்குப் போனேன். வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மேலே கடையும் கீழே கல்லால் வளைத்துக் கட்டிய நிலவறையுமாக இருந்தது அது. பியர் கடைக்குப் போக எனக்கு மனமே இல்லை. பனைமரத்தின் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடை முதலாளி, நாங்கள் பத்ரோனே என்று கூப்பிடுகிறவர், முறைப்படி எழுதின வேலை ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தார். இங்கே அதைக் கொந்த்ராத்தோ என்பார்கள். அது கையில் இருந்தால்தான் ஊரில் விட்டுவந்த என் மகளைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். இரண்டு வயதில் அவளை என் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிட்டது. என் கணவருக்குத் துறைமுகத்தில் சாமான் இறக்குகிற அன்றாடக் கூலி வேலை. அதற்கு ஒரு கடதாசியும் கிடையாது. ஆகவே பிள்ளை வருவதும் வராததும் இந்தப் பியர்க்காரரின் வாயில் இருந்தது.

பத்ரோனேயின் தகப்பன் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மகனும் அங்கேதான் வளர்ந்தாராம். திரும்பி வந்தபோது அங்கே ஒரு கிராமத்தில் குடித்துப் பழகிய பியரையும் மனத்தில் கொண்டுவந்துவிட்டார். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற பியர். இப்போது அண்ணனும் தங்கையுமாக நடத்துகிறார்கள் என்றார். குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். காய்ச்சியதைக் கூரைக்குக் கீழே ஓர் அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஆறவிடுவார்கள். ஈஸ்ட் என்று ஒன்றும் போடுவதில்லை. காற்றில் வருவது விழுந்து தானாகப் புளிக்க வேண்டும். பிறகு மரப் பீப்பாய்களில் இரண்டு மூன்று வருடம் கிடக்கும். இதற்கு லாம்பிக் என்று பேர். அந்த வீட்டில் ஒட்டடை கூட அடிக்க மாட்டார்கள், ஈயைப் பிடிக்கச் சிலந்தி வேண்டும் என்று விட்டு வைப்பார்கள் என்று அவர் பெருமையாகச் சொன்னார். கூட்டிக் கழுவிச் சோறு தின்கிறவளிடம் சொல்கிற கதையா இது?

பலேர்மோக்காரர்களும் என் கட்சிதான். வெயிலில் வந்து ஐஸ் போன்ற பியர் கேட்கிறவர்களுக்கு இவர் இந்தப் புளிப்பை ஊற்றிக் கொடுப்பார். ஒரு வாய் குடித்துவிட்டு "அச்சேத்தோ!" என்பார்கள். வினாகிரி என்று அர்த்தம். கெட்டுப்போனதைத் தலையில் கட்டுகிறான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. சில பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் வந்து, பிடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடிப்பார்கள். இப்படி ஓடுகிற கடை எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது. கொந்த்ராத்தோவைப் பற்றிக் கேட்டால் "போய் வெதியாமோ" என்பார். பிறகு பார்ப்போம் என்பது இந்த ஊரில் மாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல்.

முதல் முறை நிலவறைக்கு இறங்கியபோதே என் கண்ணில் பட்டது கோடு. சுவரோரமாகச் சாத்தி வைத்த மரத்தட்டுகளில் போத்தல்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுண்ணாம்பால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. எல்லாக் கோடும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன்.

"அந்தாள் போத்தல் எல்லாத்திலையும் கோடு போட்டு வைச்சிருக்கு."

"எங்கை, மட்டத்திலையோ?"

"இல்லை, வயித்திலை. போத்தல் படுத்துக் கிடக்கு. கோடு மேலை பாத்துக்கொண்டிருக்கு."

"பிறகென்ன? தக்கை இறுக்கின போத்தலை ஆர் குடிக்கப் போயினம்?"

"உங்களுக்கு விளங்காது. ஆராவது தொட்டால் போத்தல் உருளும். உருண்டால் கோடு சரியும். அந்தாள் வந்து பாத்து, தொட்டிருக்கினம் எண்டு கண்டுபிடிக்கும்."

அவர் சிரித்தார். "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு நாளைக்கு என்ரை முதுகிலையும் கோடு போட்டுப் பாக்கப் போறீர்," என்றார்.

சிரித்தால் சிரிக்கட்டும். அன்றிலிருந்து நான் அந்தப் போத்தல்களில் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. தரையைக் கழுவினேன், படியைத் தேய்த்தேன், தட்டுகளின் காலைத் துடைத்தேன். போத்தல்களின் மேல் தூசு படிந்து மெத்தை போட்டது. பத்ரோனே ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, துடைக்கச் சொன்னேனே என்றார். "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். துடைக்கச் சொல்லிக் கோடு சரிந்ததும் பிடிக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த வசந்தத்தில் பெல்ஜியத்திலிருந்து அந்தப் பியர்க் குடும்பத்துத் தங்கை புறப்பட்டு வருகிறார் என்று செய்தி வந்தது. பத்ரோனேக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயில் ஊர்களுக்கு அனுப்பிய பியர் பல இடங்களில் கெட்டுப் போயிருந்ததாம். இந்தக் கடையின் நிலவறையைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் இனிமேல் பியர் வரும், இல்லாவிட்டால் இல்லை. பியர் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால், அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். எனக்கு மகளின் முகம்தான் வந்து நின்றது. அதுவும் சரியாக வரவில்லை, இரண்டு வயது முகம்தான் வந்தது.

ஜெனோவாவிலிருந்து கப்பலில், தன் வான் வண்டியோடு வந்து இறங்கினார் அந்தப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கைகள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. என் கையைப் போலவே தண்ணீரில் ஊறின கை. அதைக் கண்டதும் கொஞ்சம் மனம் இளகப் பார்த்தது. உடனே இறுக்கிக்கொண்டேன். நிலவறைக்கு இறங்கினார். தட்டுகளைப் பார்த்தார். தூசியைப் பார்த்தார். பத்ரோனே என்னை முறைத்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஏதோ சத்தமாகச் சொன்னார். பத்ரோனே வாயைப் பிளந்தார். பிறகு இத்தாலியனில் எனக்குச் சொன்னார்: அந்தக் கோடு அவர்கள் வீட்டிலேயே போடுவதாம். பியர் போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும், மண்டி அடிப்பக்கமாகப் படியும். எங்கே கொண்டுபோனாலும் கோடு மேலே இருந்தால் மண்டி கலங்காது. இத்தாலியில் எல்லாக் கடையிலும் கோடு கண்டபடி கிடக்கிறது, இங்கே ஒரு போத்தல்கூட அசையவில்லை, யார் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புகழ்ச்சிக்குப் பின்னால் என்ன வரும் என்று காத்திருந்தேன். கோட்டுக்கு அவர்கள் சொன்ன அர்த்தம் ஒன்று, சொல்லாத அர்த்தம் இன்னொன்று இருக்கலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மேலே வந்து மேசையில் மூன்று போத்தல் திறந்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார் அந்தப் பெண்மணி. நான் "நோ, கிராத்சியே" என்றேன். எங்கள் வழக்கத்தில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம், வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்பார். அவர் கேட்கவே இல்லை. சரி என்று கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு முகம் விழுந்தது. குடித்தால் குடிகாரி என்பார்கள், குடிக்காவிட்டால் எங்கள் பியரை அவமதித்தாள் என்பார்கள். யோசித்துப் பார்த்து நானே கையை நீட்டி வாங்கினேன்.

முதலாவது இளசு. நுரையே இல்லை, மங்கலான மஞ்சள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. கள்ளு! பொழுதுபடுகிற நேரத்துப் பனங்கள்ளு. குடித்தால் அவ்வளவு இனிப்பு இல்லை, ஆனால் நாக்கின் ஓரத்தில் அதே சுரீர். இரண்டாவது, பழசையும் புதுசையும் கலந்து அடைத்தது. தக்கையைப் பிடுங்கியதும் புகை மாதிரி எழும்பியது. அதில் ஆட்டுக்கொட்டில் வாசமும் ஈர வைக்கோல் வாசமும் இருந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது கெட்ட வாசமாகத் தோன்றவில்லை. வாயில் வைத்ததும் மாங்காய்ப் புளிப்பு, பிறகு தேசிக்காய்த் தோலின் கசப்பு, விழுங்கின பிறகு விளாங்காய் தின்றது போல நாக்கு வறண்டு இறுகிக்கொண்டது. இரண்டாம் மடக்கு தானாகக் கேட்டது. மூன்றாவது செரிப் பழத்தில் ஊறினது. நல்ல சிவப்பு. நிறத்தைப் பார்த்துச் சர்பத் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். இனிப்பு வருகிற மாதிரி வந்து வராமலே போய்விடும். பழத்தின் கொட்டையைக் கடித்த மாதிரி ஒரு வாசம் மட்டும் மூக்கில் நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுக்கிற சாமான்.

அவர் ஊற்றும்போது ஒவ்வொரு போத்தலிலும் அடியில் கொஞ்சம் மிச்சம் விட்டார். கலங்கல் மண்டி. போத்தல்களைக் கழுவி வைக்கும்படி பத்ரோனே என்னிடம் தந்தார். குசினியில் நின்று மணந்து பார்த்தேன். ஊரில் அப்பத்துக்கு மாப் புளிக்க வைப்பது கள்ளில்தான். அதற்காகத் தவறணைக்குப் போய்க் கள்ளு வாங்கி வருவோம். பலேர்மோவில் பேக்கரி ஈஸ்டைப் போட்டுச் சுட்டுச் சுட்டு, அப்பம் என்று பேர் சொல்லிப் பஞ்சைத் தின்றுகொண்டிருந்தோம். கொட்டப்போகிற மண்டிதானே என்று அதை ஒரு ஜாம் போத்தலில் வார்த்து, மூடியை இறுக்கி, என் பையில் வைத்தேன். கேட்டு எடுத்திருக்கலாம். கேட்டால், கேளாமல் எத்தனை எடுத்தாளோ என்று நினைப்பார்கள் என்று கேட்கவில்லை.

வேலை முடிந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போகும்போது பைக்குள் டப் என்று ஒரு சத்தம். குலுங்கினதில் மண்டி பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. பையிலிருந்து நுரை என் சேலையில் வழிந்தது.

"பையைத் திற," என்றார் பத்ரோனே.

திறந்தேன். பெல்ஜியப் பெண்மணி ஜாம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் அப்படியே மாறியது. அந்த மண்டியில்தான் அவர்கள் வீட்டுப் புளிப்பின் உயிர் இருக்கிறதாம். பெரிய கம்பனிக்காரர்கள் அதற்கு அலைகிறார்களாம். யாருக்காக எடுத்தாய் என்று பத்ரோனேயைக் கொண்டு என்னைக் கேட்டார். ஊர் உலகத்தையே சந்தேகப்பட்ட என்னை, கடல் கடந்து வந்த ஒருத்தி சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு இத்தாலியன் காலை வாரிவிட்டது. அப்பம் என்பதற்கு என்ன சொல்? பூசையில் குருவானவர் தூக்கிக் காட்டுவதை நாங்கள் அப்பம் என்போம். இத்தாலியன் பூசையில் அதே இடத்தில் பானே என்பார்கள். ஆகவே எனக்கு அப்பம் என்றால் பானே. கடையில் விற்கிற ரொட்டிக்கும், நாங்கள் பாண் என்பதற்கும், அதுதான் பேர். "இது எங்கடை பானேக்கு," என்றேன்.

"பாணுக்கோ? பாண் கடையிலை விக்கிறாங்கள்," என்றார் பத்ரோனே.

"கடைப் பாண் இல்லை. கோவிலிலை சொல்லுற பானே," என்று விளக்கினேன். வட்டம் என்று கையால் காட்டினேன். வெள்ளை என்றேன். மெல்லிசு என்றேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். பத்ரோனே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மண்டியில் நற்கருணை செய்கிற ஏதோ கள்ளச் சபையில் நான் சேர்ந்திருப்பதாக அவருக்குப் பட்டுவிட்டது. ஒருவருக்கு நான் கம்பனியின் ஒற்றுக்காரி, மற்றவருக்குச் சூனியக்காரி. கொந்த்ராத்தோ போயிற்று என்று என் காது இரண்டும் அடைத்தன. அழுகை வந்தது. "என்ரை பிள்ளை!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அதைப் பெல்ஜியப் பெண்மணி என்னவென்று எடுத்தாரோ தெரியாது. ஜாம் போத்தலை என் கையில் திருப்பித் தந்தார். நாளைக்குச் சாயந்தரம்தான் கப்பல், அதற்கு முன் அந்தப் பானேயைச் செய்து காட்டு என்றார். பத்ரோனே, அதுவரைக்கும் வேறு பேச்சு இல்லை என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பச்சையரிசியை ஊறவைத்து அரைத்து மண்டியை விட்டுக் கரைத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மா வைத்தபடியே கிடந்தது. ஒரு குமிழி இல்லை. அந்த மனுசி ஏதும் கலந்துவிட்டுத்தான் திருப்பித் தந்தாவோ என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் ஈஸ்டைப் போட்டு விடுமன். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் கணவர்.

"அந்த மனுசிக்கு மூக்கு இருக்கு. மணந்து கண்டுபிடிச்சால் பிள்ளை வந்த மாதிரித்தான்."

சட்டியைப் போர்வையால் சுற்றி, பல்கணியில் வெயில் விழுகிற இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எல்லா மாதாவையும் கூப்பிட்டேன். இந்த ஊர்ப் புனிதையையும் விடவில்லை. வெயில் ஏற ஏற மாவின் ஓரத்தில் சின்னச் சின்னக் கண் திறந்தது. மத்தியானத்துக்குள் நடுவிலும் வந்துவிட்டது. பொங்கி வழியவில்லை, ஆனால் உயிர் இருந்தது. தேங்காய்ப்பால் தகரத்தையும் அப்பச்சட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடைக் குசினியில், இரண்டு பேரும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க, முதல் அப்பம் சட்டியோடு ஒட்டிப் பிய்ந்தது. பத்ரோனே தொண்டையைச் செருமினார். இரண்டாவது ஓரம் முறுகி, நடுவில் வெள்ளையாக உப்பி எழும்பியது. பெல்ஜியப் பெண்மணி முதலில் மணந்தார். ஓரத்தைப் பிய்த்தார். பிறகு நடுவைத் தின்றார். கண்ணை மூடி, அவசரப்படாமல் மென்றார். தின்று முடித்துப் பத்ரோனேயிடம் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். இடையில் ஒரு தடவை என்னை நோக்கி விரலை நீட்டினார். பத்ரோனே தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்லாயிருக்காம்," என்றார் பத்ரோனே. அவ்வளவு நீளப் பேச்சுக்கு ஒற்றைச் சொல்லா? மிச்ச அப்பத்தைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பெண்மணி துறைமுகத்துக்குப் போனார். பரிசோதிக்கக் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். இன்றுவரை அன்று பேசினது என்னவென்று எனக்குத் தெரியாது.

பியர் தொடர்ந்து வந்தது. சில நாள் கழித்துப் பத்ரோனே, நாளைக்கு நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வா, கணக்காளரிடம் போக வேண்டும் என்றார். வேலையால் நிற்பாட்டத்தான் கூட்டிப் போகிறார் என்று முடிவு செய்துகொண்டு போனேன். கொந்த்ராத்தோவில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டுத் தெருவில் நின்று அழுதேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கம் இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு அலைந்து முடிய அடுத்த கோடை வந்துவிட்டது. தெரிந்த குடும்பம் ஒன்று மகளை ரோமுக்குக் கூட்டிவந்து, அங்கிருந்து ரயிலில் கொண்டுவந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் நானும் கணவரும் விடியவே போய் நின்றோம். கூட்டிவந்த பெண்ணின் சட்டையைப் பிடித்தபடி அவள் இறங்கினாள். மெலிந்து, உயர்ந்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். நான் முழங்காலில் குந்தினேன்.

"அம்மா வந்திருக்கிறன், குஞ்சு."

அவள் கிட்ட வரவில்லை. காலிலிருந்து தலைவரை என்னைப் பார்த்தாள். "என்னை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறவை?" என்று கேட்டாள்.

அவள் காதோடு வாயை வைத்து, நான் வைத்த செல்லப் பேரைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது குழந்தையிலை. இப்ப வேறை பேர்."

"என்ன பேர்?"

"அம்மா எண்டால் உங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "உம்மடை பிள்ளைதான், சந்தேகமே இல்லை," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டி அவள் பையை வாங்கப் பார்த்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்களுக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தாள். அந்தப் பேர் என்னவென்று அவள் எனக்குச் சொல்வதற்குள் கோடை முடிந்து பலேர்மோவில் மழை தொடங்கிவிட்டது.